அருஞ்சுனையின் மூன்றாவது சுற்று

ஆடி மாசத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தேரி ஓட்டத்துக்குக் கிளம்பிய அருஞ்சுனை முப்பத்து மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருந்தான், அதைப் பற்றிக் கருக்குவிளையில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. வெளியூரிலிருந்து கல்யாணம் கட்டி வந்த பெண்கள் முதல் வாரம் மட்டும் 'அதெப்படி' என்று கேட்பார்கள். இரண்டாவது வாரம் அவர்களே தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தேரி ஓரத்துக்கு நடப்பார்கள்.

தேரி என்றால் செக்கச் சிவந்த மணல். ஊரின் கடைசி வேலியைத் தாண்டியதும் தொடங்கி, கடல் பக்கத்தில் இருந்தும் கடலைக் காட்டாமல், கண் போகிற தூரம் வரைக்கும் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். மற்ற மாசங்களில் அது சும்மா கிடக்கும். ஆடிக் காற்று எழும்பிவிட்டால் மேடுகள் எல்லாம் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடும். நேற்று மேட்டு உச்சியில் நின்ற உடைமரம் இன்று பள்ளத்தில் நிற்கும், நெடுநெடுவென்று வளர்ந்த பனைகள் கழுத்து வரைக்கும் புதைந்து, கைக்கு எட்டுகிற உயரத்தில் ஓலையை ஆட்டிக்கொண்டிருக்கும். அந்த மாசத்தில் அந்த மணலில் ஓட வேண்டும் என்று யோசனை சொன்னவர் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் தங்கையா சார். சாத்தா கோயில் வாசலில் தொடங்கி, யானைமேட்டில் ஏறி இறங்கி, உடைங்காட்டின் முள்ளுக்குள் புகுந்து இரட்டைப்பனையைத் தொட்டு, சுனையைச் சுற்றிக்கொண்டு, முந்திரி காய்க்கிற கொல்லாமரங்களின் ஊடாகக் கோயில் வாசலுக்கே திரும்பினால் ஒரு சுற்று. ஒரு சுற்று பதினாலு கிலோமீட்டர். மொத்தம் மூன்று சுற்று.

பதினோரு பேர் ஓடினார்கள். எட்டுப் பேர் முதல் சுற்றிலேயே நுரை தள்ளி உட்கார்ந்தார்கள், இரண்டு பேர் பொழுது சாய்கிற நேரத்தில் தவழாத குறையாக முடித்தார்கள். எல்லோருக்கும் முன்னால் யானைமேட்டைத் தாண்டிப் போன அருஞ்சுனை மட்டும் வரவில்லை. அவனுக்கு இருபத்திரண்டு வயது, அவன் தம்பி பலவேசத்துக்குப் பத்தொன்பது. பலவேசம்தான் முதலில் காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனான். இரட்டைப்பனை வரைக்கும் தடம் தெளிவாக இருந்தது, முன்பாதம் ஆழமாகப் பதிந்து, குதிகால் லேசாகத் தொட்டு, அண்ணன் சந்தோஷமாக ஓடும்போது ஓடுகிற மாதிரியே. அதற்கப்புறம் காற்று அழித்திருந்தது. ஒரு வாரம் ஊரே தேடியது. போலீஸ் வந்தது, சுனையில் ஆள் இறக்கிப் பார்த்தார்கள். தாயார் மாலையம்மாள் வாசலில் உட்கார்ந்து அழவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

மூன்று வருஷம் கழித்து, ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை, மாலையம்மாளும் பலவேசமும் கோயில் வாசலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தபோது கொல்லாமரங்களின் ஊடாக அருஞ்சுனை ஓடி வந்தான். பதினேழாம் நம்பர் துணி நெஞ்சில் குத்தியிருந்தது. வியர்வை காயவில்லை. நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டு, "தண்ணிம்மா" என்றான். அவள் செம்போடு நீட்டினாள். குடித்தான். "எனக்கு முன்னால யாருலே போறா?" என்று தம்பியைக் கேட்டான்.

"யாருமே இல்லண்ணே. நீதான் முன்னால."

"அப்பச் சரி." மாலையம்மாள் பனியனின் ஓரத்தைப் பிடித்தாள், அது வியர்வையில் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு செம்புத் தண்ணீர் குடிக்கிற நேரம்தான், அதற்குள் அவன் யானைமேட்டின் மேல் ஒரு புள்ளியாகியிருந்தான். அன்றைக்கு அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே வயது என்பது பலவேசத்துக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

செய்தி கேட்டு ஊர் பெருமூச்சு விட்டது. காணாமல் போனவன் என்றால் ஒப்பாரி வைக்க வேண்டும், சடங்கு செய்ய வேண்டும், படத்துக்கு மாலை போட வேண்டும். ஓடிக்கொண்டிருப்பவன் என்றால் தண்ணீர் வைத்தால் போதும். கோயில் வாசலில் ஒரு மேசை போட்டு, நாளுக்கொரு வீடு என்று தண்ணீர் முறை வைத்தார்கள். பள்ளிக்கூடம் லீவு விட்டாலும், தேர்தல் வந்தாலும், சாவு விழுந்தாலும் அந்த முறை தவறியதில்லை. வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த டீச்சர், "இந்த அருஞ்சுனைங்கிறவர் எங்க இருக்காரு?" என்று கேட்டபோது, "ஓடிக்கிட்டிருக்கான்" என்று மாலையம்மாள் சொன்னாள். "என்ன தொழில்?" "அதாம்மா சொன்னேன்லா, ஓடுதான்." டீச்சர் கொஞ்ச நேரம் தேரியைப் பார்த்துவிட்டுப் பெயரை அடிக்காமல் போய்விட்டார்.

விளையாட்டு மன்றத்துக்குத்தான் சங்கடம். கடைசி ஆள் வந்து சேராமல் ஓட்டம் முடியாது என்று தங்கையா சாரே எழுதிவைத்த விதி இருந்ததால் அடுத்த ஓட்டத்தை அறிவிக்க முடியவில்லை. ஒரு தலைமுறைப் பையன்கள் ஓடாமலே வளர்ந்து, தொப்பை வைத்து, சவுதிக்கும் மும்பைக்கும் போனார்கள். அங்கிருந்து போன் போட்டால், அம்மா சுகமா, மழை உண்டா என்று கேட்டுவிட்டு, "அருஞ்சுனை அண்ணன் வந்துட்டாவளா?" என்றும் கேட்பார்கள். இல்லை என்று கேட்டதும் அவர்களுக்கு மனசு லேசானது. ஊரில் தாங்கள் விட்டுவிட்டு வந்த ஏதோ ஒன்று இன்னும் முடியவில்லை என்கிற மாதிரி.

அண்ணன் இருக்கத் தம்பிக்கு எப்படிக் கல்யாணம் செய்வது என்று உறவுக்காரர்கள் இழுத்தபோது மாலையம்மாள் ஒரே பேச்சில் முடித்தாள்: "ஓடுத பிள்ளைய நிறுத்தித் தாலி குடுக்க முடியுமா? நின்னுக்கிட்டிருக்கவன் கட்டட்டும்." பத்திரிகையில் 'தங்கள் வரவை எதிர்நோக்கும்' என்பதற்குக் கீழே, அருஞ்சுனை என்று போட்டு அடைப்புக்குறிக்குள் 'ஓட்டத்தில்' என்று அச்சடித்தார்கள். பலவேசம் சந்தனக்கனியைக் கட்டினான், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்தான், தர்ஷிகா பிறந்தாள். அவளுக்குப் பேச்சு வந்ததும் தேரிப் பக்கம் தூக்கிக்கொண்டு போய், அங்கே எழும்புகிற புழுதியைக் காட்டி, "அதான் உன் பெரியப்பா" என்று சொல்லிக்கொடுத்தான்.

மாலையம்மாள் பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் இறந்துபோனாள். கடைசியாகப் பேசிய பேச்சு, "தண்ணியில எறும்பு விழாம மூடி வையி" என்பது. அவள் போன பிறகு பலவேசத்துக்கு ஒரு விசித்திரமான நஷ்டம் ஏற்பட்டது. அம்மாவின் முகம் நினைவிருந்தது, கை நினைவிருந்தது, குரல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டே போய், ஒருநாள் காலையில் கடையைத் திறக்கும்போது அது முழுசாகப் போயிருந்தது. கேசட்டு இல்லை, வீடியோ இல்லை. யாரிடமும் அவன் இதைச் சொல்லவில்லை. ஐம்பத்திரண்டு வயது ஆள் அம்மாவின் குரலைத் தொலைத்துவிட்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வான்?

அருஞ்சுனை இரண்டாவது சுற்றை முடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு. அன்றைக்குத் தண்ணீர் வைக்கப் போயிருந்த தர்ஷிகா போன் செய்தாள்.

"அப்பா, வந்துட்டாவ. கால்ல உடைமுள்ளு. உக்காந்திருக்காவ. சீக்கிரம் வாங்க."

பலவேசம் கடையைப் பூட்டாமல் ஓடினான். மேசைப் பக்கத்தில் ஏற்கெனவே பாதி ஊர் நின்றது. நடுவில், இருபத்திரண்டு வயசில், வியர்வையில் மினுங்கிக்கொண்டு அவன் அண்ணன் உட்கார்ந்திருந்தான். அவன் குதிகாலைத் தர்ஷிகா மடியில் வைத்துக்கொண்டு ஊக்கால் முள்ளைக் கிளறிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே வகுப்பில் படிக்கிறவர்கள் மாதிரி இருந்தார்கள். அவள் "அசையாதீங்க பெரியப்பா" என்று அதட்டும்போதெல்லாம் அவன் காது சிவந்தது.

பலவேசத்தை அவன் நிமிர்ந்து பார்த்தான். யார் சாயலோ தெரிகிறது, யார் என்று தெரியவில்லை என்கிற பார்வை. சட்டென்று மரியாதையாகக் காலை இழுத்துக்கொண்டான். "மாமா, எங்க பலவேசம் இங்கதான நின்னான்? அவனப் பாத்தீங்களா?"

"நாந்தாம்ணே பலவேசம்" என்றான் பலவேசம்.

அருஞ்சுனை அவனை மேலும் கீழும் பார்த்தான். பிறகு, "என்னலே இப்படி ஆயிட்ட?" என்றான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். "அம்மா எங்க?"

"வீட்ல இருக்கா" என்றது ஒரு குரல். யார் சொன்னது என்று பலவேசம் திரும்பிப் பார்க்கவில்லை, ஏனென்றால் சொன்னது அவனேதான்.

ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர் ஜெயபாக்கியம் அதற்குள் விரல்விட்டு எண்ணி முடித்திருந்தார். "முதல் சுத்து மூணு வருஷம். ரெண்டாவது முப்பது. அப்ப மூணாவது முன்னூறு வருஷம்ல ஆகும்? யாருவே தண்ணி வைப்பா?" என்று கேட்டார். முன்னூறு வருஷம் தண்ணீர் வைப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை, யாராவது வைப்பார்கள். ஆனால் அவன் திரும்பி வரும்போது அவனை அருஞ்சுனை என்று கூப்பிட ஒரு வாயும் இருக்காது.

தங்கையா சாரை ஆட்டோவில் கூட்டிவந்தார்கள். எண்பத்தாறு வயது, கழுத்தில் விசில். ஓட்டம் முடிந்தது என்று ஊதிவிடுங்கள் என்று எல்லோரும் கெஞ்சினார்கள். அவர் அருஞ்சுனையைப் பார்த்து, "என்னப்பா, ஊதட்டுமா?" என்றார்.

"சார், இன்னும் ஒரு சுத்து இருக்குல்லா? மூணு சுத்துன்னு சொல்லித்தான உட்டீங்க. இப்ப நின்னா நான் என்னத்துக்கு இவ்வளவு தூரம் ஓடுனேன்?"

சார் விசிலைக் கீழே விட்டார். "அவன் சொல்றதுதான் சரி" என்றார்.

முள் வந்துவிட்டது. அருஞ்சுனை எழுந்து காலை ஊன்றிப் பார்த்தான். பலவேசம் செருப்பைக் கழற்றிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினான். அவன் அதை யோசித்துச் செய்யவில்லை. ஆனால் செய்த பிறகு அதைத் தவிர வேறு வழியே இல்லை என்று தெரிந்தது.

"நானும் வாரேன்" என்றான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சந்தனக்கனி வந்தாள். "எப்ப வருவீங்க?"

"சாயங்காலம்."

"சாயங்காலம்னா, இன்னைக்குச் சாயங்காலமா?"

பலவேசம் யானைமேட்டைப் பார்த்தான். தர்ஷிகா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தனக்கனி மேசையிலிருந்த இரண்டு லிட்டர் பாட்டிலை எடுத்து அவன் கையில் திணித்தாள். பிறகு அருஞ்சுனையின் பக்கம் திரும்பி, முன்பின் பார்த்திராத சின்னப் பையனிடம் பேசுகிற மாதிரி அல்லாமல், வாழ்நாள் முழுக்கப் பழகிய மூத்தவரிடம் பேசுகிற மாதிரி, "அத்தான், இவருக்கு மூச்சு வாங்கும். மெதுவாப் போங்க" என்றாள்.

மெதுவாகப் போவது எப்படி என்று அருஞ்சுனைக்குத் தெரியாது. யானைமேட்டில் அவன் நாலு பாய்ச்சலில் ஏறினான். பலவேசம் ஓரடி ஏறினால் மணல் முக்கால் அடி கீழே இழுத்தது. மேலேயிருந்து அருஞ்சுனை கத்தினான்: "வாலே!" காற்று மணலை அள்ளி முகத்தில் அறைந்தது. மேட்டின் மறுபக்கம் அண்ணன் இறங்கினால் அவ்வளவுதான், அவன் முதுகு மறைந்த இடத்தில் முன்னூறு வருஷம் கிடக்கிறது என்று பலவேசத்துக்குத் தெரிந்தது. அவன் கையில் கயிறு இல்லை. இருந்தது பேச்சு மட்டும்தான். மூச்சிரைக்க, "அண்ணே, காலையில கிளம்பும்போது அம்மா என்ன சொன்னா?" என்று கத்தினான்.

அருஞ்சுனை நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டு திரும்பினான். "காலையிலயா? கஞ்சி குடிக்காமப் போறேன்னு ஏசுனா."

"எப்படி ஏசுனா? அவ மாதிரியே சொல்லு."

அம்மாவைப் போலப் பேசிக் காட்டுவதில் அவன் சின்ன வயசிலிருந்தே கெட்டிக்காரன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கழுத்தை ஒருபக்கம் சாய்த்து, "ஏ மூதி, வெறும் வயித்தோட ஓடுனா குடலு காத்தாடி மாதிரிப் பறக்கும்லே, வந்து ரெண்டு வாய் குடிச்சிட்டுப் போ!" என்றான்.

பலவேசம் மணலில் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டான். அதேதான். கடைசியில் கொஞ்சம் மூக்கால் இழுக்கிற அந்த 'போ' அதேதான். முப்பத்து மூன்று வருஷத்துப் பேச்சுகளும் சாவும் மேலே விழாமல், அன்றைக்குக் காலையில் இறக்கிய பதநீர் மாதிரி, குரல் அப்படியே இருந்தது.

"என்னலே, அழுதியா?"

"இல்லண்ணே. இன்னொருக்கச் சொல்லு."

அப்படித்தான் அவர்கள் போனார்கள். அண்ணன் முன்னால் பறக்க எத்தனிக்கும்போதெல்லாம் தம்பி ஒன்று கேட்டான். சொல்வதற்காக அவன் நின்றான், பிறகு நடந்தான், பிறகு தம்பி பக்கத்திலேயே வந்தான். நேற்று ராத்திரிக் குழம்பு என்ன என்று பலவேசம் கேட்டான். சாளை மீனும் மாங்காயும் என்று அருஞ்சுனை சொன்னான், அப்பாவின் தட்டில் தலை விழுந்ததும் தனக்கு வால் விழுந்ததும் உட்பட. கொட்டகையில் என்ன படம், ரேடியோவில் யார் பேசினார்கள், வெள்ளாட்டுக்குட்டிக்கு என்ன பெயர் வைத்தோம் என்று கேட்டான். அண்ணனுக்கு எல்லாமே நேற்று. பலவேசம் தன் பழைய வீட்டுக்குள் ஒவ்வொரு அறையாக விளக்குப் போட்டுக்கொண்டு போகிறவன் மாதிரி நடந்தான். உடைங்காட்டின் முள் அவன் முழங்காலைக் கிழித்தது, அதுகூடத் தெரியவில்லை.

இரட்டைப்பனைக்கு வந்தபோது மத்தியானம் ஒரு மணி. வெயில் தலையில் இறங்கியது. புதைந்து கிடந்த பனைகளின் ஓலை நிழலில் பலவேசம் பாட்டிலை அண்ணனிடம் கொடுத்தான். இதற்கு அப்புறம்தான் அன்றைக்குத் தடம் இல்லாமல் போனது. இனியும் மறைத்தால் அது தன்னுடைய பொய்யாகத்தான் சுற்றிச் சுற்றி வரும் என்று அவனுக்குப் பட்டது.

"அண்ணே, நான் பொய் சொல்லிட்டேன். அம்மா வீட்ல இல்ல. அம்மா செத்துப் பதினொரு வருஷம் ஆச்சு."

அருஞ்சுனை பாட்டிலை வாயிலிருந்து எடுத்தான். அவன் கால் எப்போதும் ஒரு இடத்தில் நிலைத்ததில்லை. முள் எடுக்கும்போதுகூட மறு கால் ஆடிக்கொண்டிருந்தது. இப்போது இரண்டும் நின்றன.

"பதினொரு வருஷமா?"

"ஆமா."

"நான் வந்தேனா?"

"இல்ல."

"கொள்ளி யாருலே வச்சா?"

"நாந்தான்."

"என்னையக் கேட்டாளா?"

"உனக்குத் தண்ணி மூடி வைக்கச் சொன்னா."

அருஞ்சுனை மணலில் உட்கார்ந்தான். சத்தமில்லாமல் ரொம்ப நேரம் அழுதான். காற்று மேடுகளை எடுத்துப் போய் வேறு இடத்தில் வைத்தது, இவர்கள் இருந்த இடத்தை மட்டும் தொடவில்லை. பலவேசம் அவன் முதுகில் கை வைத்திருந்தான். கைக்குக் கீழே முதுகு கொஞ்சம் அகலமானது, கொஞ்சம் தளர்ந்தது. அண்ணன் நிமிர்ந்தபோது காதோரம் நாலு முடி வெளுத்திருந்தது.

"எந்திரிண்ணே. சுத்து முடியணும்லா."

"மெல்லப் போவோம்லே" என்றான் அருஞ்சுனை.

பின்பாதி முழுக்க நடந்தார்கள். கேட்பது இப்போது அண்ணனின் முறை. அப்பா எப்போது போனார், பலவேசம் எப்படிப் பெண் பார்த்தான், தர்ஷிகா பிறந்தபோது என்ன எடை, அம்மாவுக்கு என்ன நோய், ரொம்பக் கஷ்டப்பட்டாளா? பலவேசம் ஒன்றையும் குறைக்காமல் சொன்னான். ஒவ்வொன்றைக் கேட்கும்போதும் அருஞ்சுனைக்கு அந்தந்த வருஷம் வந்து சேர்ந்தது. சுனையில் குனிந்து முகம் கழுவி எழுந்தபோது கண்ணுக்குக் கீழே பை விழுந்திருந்தது. கொல்லாமரங்களுக்கு இடையில் வந்தபோது வயிறு முன்னால் வந்து, பதினேழாம் நம்பர் துணியின் ஊக்கு ஒன்று தெறித்து விழுந்தது. அவன் அதைத் தேடவில்லை. தன் கைகளை ஒருதரம் திருப்பிப் பார்த்துவிட்டு, தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

அவர்கள் கோயில் வாசலுக்கு வந்தபோது அதே செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி. ஊர் கலையாமல் நின்றது. ஐம்பத்தைந்து வயதும் ஐம்பத்திரண்டு வயதுமாக இரண்டு ஆண்கள் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்து, ஏன் ஒருவன் இப்படி ஆனான் என்று யாரும் கேட்கவில்லை. சந்தனக்கனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இருவருக்குமாகச் சோறு வடிக்க வீட்டுக்குப் போனாள். தங்கையா சார் விசிலை எடுத்தார். மூச்சுப் போதாமல் இரண்டு தரம் காற்றுதான் வந்தது, மூன்றாவது தரம் ஊதியது. யானைமேடு வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

அந்த ராத்திரி அருஞ்சுனை தம்பி வீட்டில் அசையாமல் தூங்கினான். காலையில் பலவேசம் எழுந்து பார்த்தபோது பாய் காலியாக இருந்தது. தேரியை நோக்கி ஓடியவன் பஸ் ஸ்டாண்டில் நின்றான். டீக்கடை பெஞ்சில், பலவேசத்தின் சட்டையை மாட்டிக்கொண்டு, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி அருஞ்சுனை உட்கார்ந்திருந்தான். தேரியைப் பார்க்கவில்லை. ரோட்டையும், போகிற வருகிற வண்டிகளையும், தனக்குத் தெரியாத இத்தனை முகங்களையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறு மணி பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு வெளியூர்க்காரன், தோளில் பையோடு, பெஞ்சுப் பக்கம் வந்தான்.

"அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

அருஞ்சுனை தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. கொஞ்ச நேரம் அந்த ஆளின் முகத்தையே பார்த்தான். பிறகு, "வாங்க, இருங்க" என்று சொல்லி, தள்ளி உட்கார்ந்தான்.